மூணு இலை நொச்சி

அப்பா சிங்கப்பூர் வந்த மூன்றாம் நாளே அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது. ரயிலில் ஏசி, கடையில் ஏசி, என் அறையில் ஏசி, வெளியே வந்தால் புழுக்கம். திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தைத் தாண்டி, நொச்சியம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அறுபத்தேழு வருடம் வாழ்ந்த உடம்பு அது. இந்த ஏற்ற இறக்கமெல்லாம் அதற்குப் பழக்கமில்லை. 2023 ஜூன் மாதம். டோபி காட் நிலையத்தை ஒட்டியிருக்கும் பிளாசா சிங்கப்பூராவில் ஒரு மருந்துக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

இருமல் மருந்துக்குப் பக்கத்து அடுக்கில் கறுப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாக அச்சிட்ட குப்பிகள் வரிசையாக இருந்தன. அப்பா ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னடா இது, நாவப்பழமா?"

"இல்லப்பா. எல்டர்பெர்ரி. வெள்ளக்காரங்க ஊர்ல வேலியோரமா வளர்ற புதர். சளிக்கு நல்லதுன்னு சாப்பிடுவாங்க."

விலை இருபத்தெட்டு வெள்ளி. அவர் உதடு அசைய ரூபாயில் பெருக்கினார். ஆயிரத்து எழுநூறு.

"வேலியோரம் வளர்றத இந்த விலைக்கா விக்கிறான்? நம்ம நொச்சி மாதிரின்னு சொல்லு."

குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தார். நான் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் செடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

*

அப்பா சொன்னது சரிதான் என்று அன்று இரவு படித்துப் பார்த்தபோது தெரிந்தது. எல்டர் ஐரோப்பாவின் வேலிச்செடி. சம்பூகஸ் நைக்ரா என்பது தாவரவியல் பெயர். ஈரமும் சத்தும் உள்ள மண்ணைத் தேடி, மனிதர் புழங்கும் இடங்களின் பின்புறத்தில் வளரும். இடிந்த சுவரோரம், தொழுவத்துக்குப் பின்னால், குப்பைமேட்டருகில். கோடைத் தொடக்கத்தில் குடைகுடையாக வெள்ளைப் பூ. இலையுதிர்காலம் வரும்போது கரும் ஊதாப் பழம். பூவில் பானம் செய்வார்கள், பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். பச்சையாகத் தின்றால் வாந்தி வரும். இலையிலும் தண்டிலும் பழுக்காத காயிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. வீட்டருகில் அது நின்றால் சூனியக்காரி அண்டமாட்டாள் என்று நம்பியிருக்கிறார்கள். ஈ மொய்க்காமலிருக்க அதன் கிளையை ஒடித்து வண்டிக்குதிரையின் தலையில் செருகியிருக்கிறார்கள்.

வேலி, சளி, பூச்சி, பேய். பெயரை மட்டும் மாற்றினால் என் பாட்டி நொச்சியைப் பற்றிச் சொன்ன கதைதான்.

எங்கள் ஊரில் வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நொச்சிதான் வேலி. யாரும் விதை போட்டு வளர்த்ததில்லை. ஆடி கழிந்து மழை விழுந்ததும் கட்டைவிரல் கனத்தில் ஒரு கொம்பை ஒடித்து ஈர மண்ணில் குத்தினால் போதும். ஒரு மாதத்தில் துளிர்க்கும். வெட்ட வெட்ட அடியிலிருந்து தழைக்கும். விட்டுவிட்டால் சிறுமரமாகி, இரண்டு ஆள் உயரம் போகும். விரித்த கைபோல ஒரு காம்பில் ஐந்து சிற்றிலைகள். மேல்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெள்ளை. கிளை நுனியில் வெளிர்நீலமாகச் சின்னச் சின்னப் பூ, பிறகு மிளகளவில் கறுப்புக் காய். இலையைக் கசக்கினால் வரும் காரமான வாசனையை, ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த வாசனைக்குத்தான் ஆடு வாய் வைக்காது. ஆடு தின்னாத செடிதானே நல்ல வேலி. தண்ணீர்க்கரையை விரும்பும் செடி என்பதால் வாய்க்கால் கரை சரியாமலும் வேர் பிடித்துக்கொள்ளும்.

பாட்டி அந்த வேலியை ஒரு அலமாரிபோலப் பயன்படுத்தினாள். பயறு உளுந்து பானையில் காய்ந்த நொச்சியிலையை அடுக்கடுக்காகப் போடுவாள், வண்டு வராது. சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் பச்சை இலையைத் தணல்மேல் போட்டுப் புகை மூட்டுவாள். தலைபாரத்துக்கு இலையை நிழலில் உலர்த்தி அடைத்த தலையணை. பிள்ளை பெற்றவளுக்கு இலை கொதித்த வெந்நீர்க் குளியல். வளைந்து கொடுக்கும் குச்சிகளில் கூடை முடைவதும் உண்டு. இந்தச் செடிக் குடும்பத்துக்கு வைடெக்ஸ் என்று பேர் வைத்த லத்தீன்காரர்களும் முடைதலைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அதை எடுத்தார்களாம். பாட்டிக்கு அது தெரிந்திருந்தால், "பின்ன, கூட முடையத் தெரியாத சனமா இருக்கும்?" என்று கேட்டிருப்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, வேது. வாயகன்ற பானையில் நொச்சியும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, இறக்கி, முக்காலிக்குக் கீழே வைத்து, ஆளைப் போர்வைக்குள் மூடுவது. அப்பா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தவிட்டுத் தூசியும் உமித் தூசியும் மூக்கில் ஏறி, மாதம் ஒருமுறையாவது அவருக்குச் சளி கட்டும். போர்வைக்குள்ளிருந்து அவர் இருமும் சத்தமும், கடைசியில் முகமெல்லாம் வியர்த்து, கண் சிவந்து, "அப்பாடா" என்று வெளியே வருவதும் என் சின்ன வயசின் ஞாயிற்றுக்கிழமைகள்.

*

மறுநாள் காலை அப்பாவுக்கு மூக்கடைப்பு இன்னும் அதிகம். "ஒரு கைப்பிடி நொச்சி கெடைக்குமாடா?" என்று கேட்டார். கேட்டதே பெரிய விஷயம் என்பதால் உடனே கிளம்பினேன். டோபி காட்டிலிருந்து ஊதா ரயிலில் ஒரே நிலையம், லிட்டில் இந்தியா. பஃபலோ ரோட்டில் ஒரு காய்கறிக் கடையில் கேட்டேன்.

"நொச்சியாண்ணே? வேப்பில இருக்கு, துளசி இருக்கு, முருங்கக்கீர இருக்கு. நொச்சி எல ரெகுலரா வராது. சொல்லிவச்சா வாரக் கடைசியில பாக்கலாம்."

பக்கத்தில் வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. "முன்ன எங்க கம்பத்து வீட்டுல இருந்துச்சு தம்பி. ஃபிளாட்டுக்கு வந்தப்புறம் யாரு வளக்குறா? மலாய்க்காரங்க இதையே லெமுனின்னு சொல்லுவாங்க. சோத்துல போட்டு ஆக்குவாங்க. சோறே கறுப்பா இருக்கும்."

நாசி லெமுனி. மலேசியாவின் வடக்கே கெடா, பினாங்கு பக்கம் செய்யும் சோறு. நான் பத்து வருடமாக இங்கே இருக்கிறேன், நொச்சியைச் சோற்றில் போடுவார்கள் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை பிலிப்பினோ தோழியிடம் செடியின் படத்தை அனுப்பி விசாரித்தேன். "லகுண்டி!" என்று உடனே பதில் வந்தது. அவர்கள் நாட்டில் சுகாதாரத்துறையே பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் அது ஒன்று. இருமலுக்கு மாத்திரையாகவும் பாகாகவும் மருந்துக்கடையிலேயே விற்கும். சீன மருத்துவத்தில் இதன் இனத்துக் காய்களை மான் ஜிங் ஸி என்று தலைவலிக்கும் சளிக்காய்ச்சலுக்கும் கொடுக்கிறார்கள். இந்தப் புதருக்கு இந்த ஊரில் நான்கு பெயர்களாவது இருக்கின்றன. ஆனால் அன்று வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

*

அப்பாவுக்கு இந்த ஊரில் பார்த்தே ஆகவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. கேத்தே கட்டடம். 1943 அக்டோபர் 21 அன்று அங்கேதான் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். டோபி காட் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பழைய கட்டடத்தின் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அப்பா முகப்பின் எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "ஏன்டா இதுக்கு டோபி காட்டுன்னு பேரு?" என்றார்.

சொன்னேன். இங்கே பிராஸ் பாசா ஆறு என்று ஒரு ஓடை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளிகள் அதில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். டோபி, காட். சலவைக்காரர் படித்துறை. ஓடை பிறகு ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாகி, மேலே மூடி போட்டு, சாலைக்கடியில் போய்விட்டது. 1987இல் ரயில் வந்தது. இப்போது மூன்று தடங்கள் பூமிக்கடியில் ஒன்றையொன்று கடக்கின்றன. துறை போய்விட்டது, பேர் நிற்கிறது.

"தண்ணி இருந்த எடம்," என்றார் அப்பா, சுற்றிலும் பார்த்தபடி.

பெனாங் ரோட்டைக் கடந்து ஃபோர்ட் கேனிங் குன்றுக்குப் போகும் வழியில், ஒரு கட்டட வாசலில், இடுப்புயரத்துக்குச் சதுரமாக வெட்டிவிட்ட வேலி ஒன்று. தினமும் நான் கடந்துபோகிற வேலி. அன்று ஒரு தோட்டத் தொழிலாளி அதைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். காற்று அடித்ததும் இலைகள் புரண்டு அடிப்புறத்தின் ஊதா தெரிந்தது. அப்பா நின்றார். கீழே விழுந்து கிடந்த ஒரு கொத்தை எடுத்து, இரண்டு விரலால் கசக்கி, மூக்கருகில் கொண்டுபோனார்.

"டேய். இது நொச்சிடா."

"இதுல மூணு எலதான் இருக்குப்பா."

"மூணு எல நொச்சி. நீர்நொச்சிம்பாங்க. மோந்து பாரு."

முகர்ந்தேன். போர்வைக்குள்ளிருந்த இருட்டு அப்படியே வந்தது.

தொழிலாளி கத்தரியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். பங்களாதேஷ்காரர். "நிஷிந்தா," என்றார். "மை கன்ட்ரி ஃபைவ் லீஃப். திஸ் ஒன் த்ரீ லீஃப். சேம் சேம்." இருமுவதுபோல நடித்துக் காட்டி, மார்பைத் தட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். அப்பாவும் இருமிக் காட்டினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனால் பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

வைடெக்ஸ் ட்ரைஃபோலியா. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடற்கரை ஓரங்களில் வளரும் நொச்சி. அடியில் ஊதா ஓடும் வகையை அழகுக்காக வேலியாக வைக்கிறார்கள். கருவேப்பிலை வாங்க ஒரு நிலையம் தள்ளிப் போய்வரும் நான், நொச்சியை மூன்று வருடமாக உரசிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன்.

அப்பா குனிந்து வெட்டுத்தழைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். தொழிலாளியும் நல்ல கொத்தாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

"வேண்டாம்பா. போடுங்க கீழ."

நான் சொன்ன தொனியில் இருவருமே நிமிர்ந்தார்கள். பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்று அவசரமாக ஒரு காரணம் சொன்னேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என் குரல் உயர்ந்தது அதற்காக இல்லை.

*

2021 மே. தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36,000ஐத் தாண்டிய மாதம். மே இரண்டாம் வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். ஏப்ரல் 23 நள்ளிரவிலிருந்து இந்தியாவில் இருந்துவிட்டு வருகிறவர்களைச் சிங்கப்பூர் உள்ளே விடவில்லை. நான் போயிருக்கலாம். போயிருந்தால் எப்போது திரும்புவேன் என்று தெரியாது, வேலை நிற்குமா என்றும் தெரியாது. போகவில்லை.

அதற்குப் பதிலாகத் தினம் நான்கு தடவை வீடியோவில் கூப்பிட்டேன். வேலியிலிருந்து நொச்சியை ஒடித்து வேது போடச் சொன்னது நான்தான். அப்போது நான் மரபு மருத்துவத்தில் கொஞ்சம் மயங்கியிருந்த காலம். சங்கப் பாட்டில் வரும் செடியே நம் கொல்லையிலும் நிற்கிறது என்ற பெருமிதம். அம்மா ஃபோனை ஜன்னல் திட்டில் சாய்த்துவைப்பாள். போர்வையும் ஆவியும் எனக்குத் தெரியும். வெளியே வந்து அப்பா, "மூச்சு லேசா இருக்குடா" என்பார். மூன்று நாள் அப்படித்தான் சொன்னார். மூன்று நாளும் நான், "பாத்தீங்களா, நொச்சிப்பா!" என்றேன்.

நான்காம் நாள், பக்கத்து வீட்டுப் பையன் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். 86.

அந்த நோயின் குணமே அது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், ஆளுக்கு மூச்சுத் திணறல் தெரியாது. ஆவி மூக்கைத் திறந்துவிடும், நெஞ்சு லேசானதுபோலத் தோன்றும். நுரையீரலுக்குள் நடப்பதை அது தொடவே தொடாது. நொச்சி பொய் சொல்லவில்லை. தன்னால் முடிந்ததைச் செய்தது. அது செய்ததைப் பார்த்துவிட்டு, செய்யாததையும் செய்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

திருச்சியில் ஒரு அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்க ஏழு மணி நேரம். பதினோரு நாள் ஆக்சிஜன். அந்தப் பதினோரு இரவும் ஃபோனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். குறுந்தொகையில் கொல்லன் அழிசியின் பாட்டு ஒன்று, 138ஆவது. ஊரெல்லாம் தூங்கிவிட்டது, காத்திருக்கிற பெண் தூங்கவில்லை. வீட்டுப்பக்கத்து நொச்சியிலிருந்து பூ உதிர்கிற ஓசைகூட அவளுக்குக் கேட்கிறது. கல்லூரியில் அதைக் காதல் பாட்டாகப் படித்தேன், காதல் பாட்டுதான். ஆனால் பூ விழும் சத்தம் கேட்கிற அளவுக்கு ஒருவர் விழித்திருப்பது எப்படி என்று அந்த மே மாதம்தான் தெரிந்தது. எதிர்பார்த்த செய்தி வரக்கூடாது என்று காத்திருப்பதும் காத்திருப்புதான்.

அப்பா பிழைத்தார். நுரையீரலின் அடிப்பகுதியில் வடு விழுந்திருக்கிறது, மாடி ஏறினால் இரைக்கும். அவர் வீடு திரும்பிய மறுவாரம் அம்மா அரிவாளை எடுத்து வேலியிலிருந்த நொச்சியை அடியோடு வெட்டிப்போட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஃபோன் பேச்சில் அந்தச் சொல் வரவில்லை. நவம்பர் கடைசியில் பயணம் திறந்தது, டிசம்பரில் ஊருக்குப் போனேன். வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் நடுவில் கம்பிவேலி போட்டிருந்தார்கள்.

*

குன்றின்மேல் ஏறும் படிகளில் அப்பா மூன்று இடத்தில் நின்றார். படமெடுக்க வரிசையில் நின்ற இளைஞர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேலே போனதும் நிழலில் உட்கார்ந்தோம். அவர் இரைப்பு அடங்குவதற்காக நான் அந்த இடத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1822இல் ராஃபிள்ஸ் இந்தக் குன்றிலும் அடிவாரத்திலும் 48 ஏக்கரில் ஒரு தாவரத் தோட்டம் அமைக்கச் செய்தார். ஜாதிக்காய், கிராம்பு. ஏழு வருடத்தில் அது மூடப்பட்டது. 1859இலிருந்து 1861க்குள் இங்கே ஒரு கோட்டை கட்டி, இந்தியாவின் வைஸ்ராய் கேனிங் பேரை வைத்தார்கள். அது ஒரு போரையும் பார்க்காமலே 1907இல் இடிபட்டது. இப்போது நிற்பது ஒரு வாசலும் கொஞ்சம் மதிலும். பிறகு குன்றுக்கடியில் பதுங்கறை தோண்டினார்கள். 1942 பிப்ரவரி 15 காலை, அங்கே கூடித்தான் சரணடைவது என்று பெர்சிவல் முடிவெடுத்தார். வெளியே ஜப்பானியர்கள். உள்ளே மக்களுக்குத் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது.

"கோட்ட வாசல்ல நொச்சி. சரியாத்தான் இருக்கு," என்று நான் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அப்பா, "ஏன்?" என்றார்.

கோட்டையை முற்றுகையிடுகிறவன் உழிஞை சூடுவான், உள்ளே இருந்து காக்கிறவன் நொச்சி சூடுவான் என்றேன். தொல்காப்பியம் மதில் போர் முழுவதையும் உழிஞைக்குள் அடக்கியது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை காப்பவனுக்கென்று நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்துக் கொடுத்தது. ஏன் இந்தப் பூ என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் மட்டும் உண்டு. காக்கிறவன் வெளியே போய்ப் பூப்பறிக்க முடியாது. மதிலுக்குள், வேலியில், அகழிக்கரையில் எது கைக்கெட்டுமோ அதைத்தான் ஒடித்துக்கொள்ள முடியும். புறநானூறு 271இல் வெறிபாடிய காமக்கண்ணியார் ஒரு காட்சி சொல்கிறார். பெண்கள் இடுப்பில் தழையாக உடுத்திப் பார்த்த அதே நொச்சி, இப்போது விழுந்துகிடக்கும் வீரன்மேல் மாலையாக ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. அதை இறைச்சி என்று நினைத்து ஒரு பறவை தூக்கிக்கொண்டு போகிறது.

"கோட்ட விழுந்துருச்சுன்னா?" என்றார் அப்பா.

"விழுந்துருச்சுதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே ஆர்ச்சர்ட் ரோட்டின் இரைச்சல். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"நீ சொல்லலன்னாலும் நான் வேது புடிச்சிருப்பேன்டா. எங்கம்மா காலத்துலேர்ந்து புடிக்கிறேன். அது தப்பில்ல. அதோட நின்னுக்கிட்டோம் பாரு, அதுதான் தப்பு. அதுல உனக்கு மட்டும் பங்கில்ல. எனக்கும் உண்டு, உங்கம்மாவுக்கும் உண்டு."

நான் தலையை ஆட்டினேன். எதுவும் சொன்னால் குரல் உடைந்துவிடும்.

"இன்னொண்ணு. உங்கம்மா வெட்டுனாள்ல? போன ஐப்பசி மழைக்கே கட்ட தளுத்துருச்சு. கம்பிவேலிக்கு மேல நிக்கிது இப்ப. 'அவங்கிட்ட சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவான்'னுட்டா. வீடியோ பேசுறப்ப ஃபோன அந்தப் பக்கம் திருப்ப விடமாட்டா."

இரண்டு வருடமாக நான் அவர்களுக்காக ஒரு சொல்லை மறைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காக ஒரு செடியையே மறைத்திருக்கிறார்கள்.

*

திரும்பும்போது தொழிலாளி போயிருந்தார். தழையெல்லாம் கறுப்புப் பைகளில் கட்டி வைத்திருந்தது. ஆனால் வேலியின் மூலையில், மதில் மேல், நான்கைந்து கொம்புகளை நுனி சமமாக வெட்டி ஒரு நாரால் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். எங்களுக்காகத்தான்.

அன்று இரவு வெறும் வெந்நீரில்தான் ஆவி பிடித்தோம். வேலிச்செடியில் என்ன அடித்திருப்பார்களோ என்ற பயம் அப்பாவுக்கும் இருந்தது. போர்வைக்குப் பதில் துண்டு, பானைக்குப் பதில் நூடுல்ஸ் வேகவைக்கும் சட்டி. முடிந்ததும் அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 2021க்குப் பிறகு அது என் மேஜையை விட்டு நகர்ந்ததில்லை. 96. அப்பா எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றார்.

கொம்புகளை ஒரு பழைய மைலோ டப்பாவில் மண் நிரப்பி நட்டார். "மருந்து அடிச்சதெல்லாம் ரெண்டு மாசத்துல போயிரும். புதுத் துளிர் வந்தப்புறம் ஒடிச்சுக்க." வீட்டுக்கு வெளியே நடைவழியில் வைத்தோம். அடியில் ஒரு தட்டு. தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும், டெங்குவுக்கு அபராதம் உண்டு என்று அவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் சென்னை மாநகராட்சி கொசுவை விரட்டத்தான் நொச்சிக் கன்று கொடுத்தது. "செடி நட்டா கொசு போயிருமாடா? எலயப் பொகபோடணும், தண்ணியக் கொட்டணும். அந்த வேலய எவன் செய்யிறது?"

அவர் ஊருக்குப் போன பிறகு, நட்ட நான்கில் இரண்டு காய்ந்துவிட்டன. மூன்றாவது அழுகியது. நான்காவது ஆகஸ்ட் மாதம் துளிர்த்தது. இப்போது என் முழங்கால் உயரம். எதிர் வீட்டு மலாய்ப் பாட்டி வாரம் ஒருமுறை வந்து இரண்டு கொத்து கேட்டு வாங்கிப் போகிறார். ஹரி ராயாவுக்கு ஒரு டப்பாவில் கறுப்புச் சோறு வந்தது.

நான் தினமும் காலையில் தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா இப்போதெல்லாம் ஃபோனை வேலிப் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். போன வாரம் அங்கே பூத்திருந்தது.